சடில்வேர்த் மேட்டு நிலத்தில் இன்னும் கிடைக்காத கீத்

இங்கிலாந்தின் மன்செஸ்டருக்குக் கிழக்கே, கிரீன்ஃபீல்ட் கிராமத்தைத் தாண்டினால் சடில்வேர்த் மேட்டு நிலம். புல்லும் கரிய சேற்று மண்ணும்தான் அங்கே. 1963 ஜூலைக்கும் 1965 ஒக்டோபருக்கும் இடையில் இயன் பிரேடி, மைரா ஹிண்ட்லி என்ற இருவர் ஐந்து பிள்ளைகளைக் கொன்றனர். அவர்களில் நால்வரை இந்த நிலத்தில் புதைத்தனர்.

12 வயதான கீத் பெனட், 1964 ஜூன் 16 மாலை பாட்டி வீட்டுக்குப் போகும் வழியில் காணாமல்போனான். பொலிஸார் சந்தேகித்தது அவனது வளர்ப்புத் தந்தையை. திரும்பத் திரும்ப விசாரித்தார்கள், வீட்டின் தரைப் பலகைகளுக்குக் கீழும் தேடினார்கள். பிள்ளையைத் தேடிய வீட்டாருக்கு இதுவும் வந்து சேர்ந்தது.

முந்தைய நவம்பரில் அஷ்டன் சந்தையில் காணாமல்போன ஜோன் கில்பிரைட்டைத் தேடியவர் துப்பறியும் அதிகாரி ஜோ மவுன்சி. அந்தக் கோப்பு கிடப்பில் போக அவர் விடவில்லை. 1965 ஒக்டோபரில் ஹிண்ட்லியின் தங்கையின் கணவர் ஒரு கொலையை நேரில் கண்டு பொலிஸுக்குச் சொல்ல, எல்லாம் வெளிவந்தது. ஹிண்ட்லியின் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் ஒளித்திருந்த சீட்டு, புகையிரத நிலையத்தில் விட்டிருந்த பெட்டிகளைக் காட்டிக்கொடுத்தது. கைப்பற்றிய படங்களில் ஒன்றில் அவர் நாய்க்குட்டியுடன் குந்தியிருந்து நிலத்தைப் பார்க்கிறார். படத்திலிருந்த பாறைகளைக் கொண்டு இடத்தைத் தேடிப்பிடித்துத் தோண்டியபோது ஜோனின் உடல் கிடைத்தது.

1966இல் மூன்று கொலைகளுக்கு மட்டுமே தண்டனை. கீத்தின் பெயர் அந்த வழக்கிலேயே இல்லை.

1986இல் கீத்தின் தாய் வின்னி ஜோன்சன் சிறையிலிருந்த ஹிண்ட்லிக்குக் கடிதம் எழுதி மன்றாடினார். அதே காலத்தில் துப்பறியும் பிரிவுத் தலைவர் பீற்றர் டொப்பிங் விசாரணையை மீண்டும் திறந்திருந்தார். ஹிண்ட்லி அவரிடம் ஒப்புக்கொண்டார். 1987 ஜூலை 1 அன்று 16 வயது போலின் ரீடின் உடல் எடுக்கப்பட்டது. பிரேடியையும் அங்கே கூட்டிச் சென்றார்கள், ஆனால் கீத் கிடைக்கவில்லை.

வின்னி 2012இல் காலமானார். 2017இல் பிரேடி இறந்தபோது பூட்டிய இரண்டு பெட்டிகள் மிஞ்சின. வழக்குத் தொடர யாரும் உயிரோடு இல்லையென்று, அவற்றைத் திறக்க நீதிபதி அனுமதி மறுத்தார். மனித எச்சங்களைத் தேடுவதற்காகவும் அத்தகைய ஆணை பெறலாம் என்று 2022இல்தான் சட்டம் மாறியது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் மேட்டு நிலத்தில் மீண்டும் தோண்டினார்கள். எச்சம் எதுவும் இருக்கவில்லை.