ராம்-லாக் என்பவர் யார்?

மாஸ்டர்ஸ் படித்தபோது ஆய்வுகூடத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். தலையின் மாதிரி ஒன்றைப் பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்கள் கணினியில் இருக்கும். அவற்றை ஒன்று சேர்த்துத் தலைக்குள் இருப்பதைப் படமாக்க வேண்டும். மட்லாப் மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். எந்த வடிகட்டியைப் பாவிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது தானாகவே ஒன்றை எடுத்துக்கொள்ளும். அந்த வடிகட்டியின் பெயர் 'ராம்-லாக்'.

ஏதோ ஒரு தொழில்நுட்பச் சுருக்கம் என்று நினைத்தேன். பக்கத்து மேசை நண்பன் அது ஒரு கம்பனியின் பெயர் என்றான். தேடிப் பார்த்தபோது இரண்டு மனிதர்கள் வந்தார்கள்: ராமச்சந்திரன், லக்ஷ்மிநாராயணன். வகுப்பில் வரவு எடுக்கும் ஆசிரியர் எங்கள் பெயரில் பாதியோடு நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாரே, அதே போலத்தான். உலகம் முழுக்கப் பொறியியல் மாணவர்கள் அந்த இரண்டு பாதிப் பெயர்களையும் ஒவ்வொரு நாளும் பாவிக்கிறார்கள்.

இந்தக் கதையை இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் என் பழைய பேராசிரியர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம், மருத்துவத் தொழில்நுட்ப ஆராய்ச்சி, ஒரு வருட வருகைதரு ஆய்வாளர் புலமைப்பரிசில். விண்ணப்பித்துப் பார் என்றார். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னேன். அப்பா கையில் எடுத்த புட்டை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்: "இருக்கிற வேலையை விட்டிட்டு, பாதிச் சம்பளத்துக்கு, அங்க போய் என்ன செய்யப் போறாய்?"

என்னிடம் பதில் இல்லை. அப்படி ஒரு வருடம் வெளியே போனவர்கள் என்னதான் செய்தார்கள் என்று வாசிக்கத் தொடங்கினேன். ராம்-லாக்கின் கதைக்கு அப்படித்தான் திரும்பி வந்தேன்.

முதலில் சிக்கல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். உங்கள் நெஞ்சில் முன்னுக்கு இருப்பதும் பின்னுக்கு இருப்பதும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுந்துவிடும். ஒரு பலாப்பழத்தை வெட்டாமல், உள்ளே எந்தச் சுளை எங்கே இருக்கிறது என்று ஒரு நிழலை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பழத்தைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் நிழல் எடுத்தால், கணக்குப் போட்டே உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். சி.ரி. ஸ்கான் செய்வது இதைத்தான்.

இந்தக் கணக்கைப் பற்றி யோசித்தவர்களில் ஒருவர் அலன் கோர்மக். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். மருத்துவர் இல்லை. முனைவர் பட்டமும் இல்லை. அங்குள்ள குரூட் ஸ்கூர் மருத்துவமனையின் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். கதிரியக்கப் பொருள்களைப் பாவிக்கும் இடத்தில் தகுதியான இயற்பியலாளர் ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால் 1956இன் முதல் ஆறு மாதமும் கிழமைக்கு ஒன்றரை நாள் கோர்மக் மருத்துவமனைக்குப் போய்வந்தார். அங்கே புற்றுநோயாளிகளுக்குக் கதிர்ச் சிகிச்சை திட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பு, தசை, காற்று நிறைந்த நுரையீரல் எல்லாம் கதிரை வேறு வேறு அளவில் உறிஞ்சும். ஆனால் கணக்குப் போடுகிறவர்களோ உடம்பு முழுவதும் ஒரே பொருள் என்பது போலப் போட்டார்கள். உள்ளே எது எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வெளியே இருந்து அளக்க முடியாதா என்ற கேள்வி அவருக்கு அங்கேதான் வந்தது.

அதே வருடப் பிற்பகுதியில் அவர் பணி விடுப்பில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். போனது அணுத்துகள் ஆராய்ச்சிக்கு. மருத்துவமனைக் கேள்வியும் அவரோடு கூடவே போயிற்று. அங்கே கிடைத்த நேரத்தில் அதற்கான கணிதத்தை ஓரளவு எழுதி முடித்தார். 1957இல் கேப் டவுனுக்குத் திரும்பி, அலுமினியமும் மரமும் கொண்ட ஒரு வட்டப் பொருளை வைத்துச் சோதித்தார். விடை கிட்டத்தட்டச் சரி. ஆனால் நடுப்பகுதியில் மட்டும் எண் கொஞ்சம் குறைந்து வந்தது. விசாரித்தால், அந்த உருளையின் நடுவே சற்று வேறுபட்ட அலுமினியத்தில் ஒரு முளை இருந்திருக்கிறது. அது அவருக்கே தெரியாது; அவருடைய கணக்குக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அவர் அமெரிக்காவிலேயே குடியேறினார். 1963இலும் 1964இலும் இதைக் கட்டுரைகளாக வெளியிட்டார். ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை. வந்த சில கடிதங்களில் ஒன்று சுவிற்சர்லாந்திலிருந்து வந்தது, பனிச்சரிவை ஆராயும் நிலையம் ஒன்றிலிருந்து. மலையில் படிந்திருக்கும் பனியின் உட்புறத்தை இதனால் அறியலாமா என்று கேட்டிருந்தார்கள். இன்னொன்றையும் கோர்மக் பல வருடம் கழித்துத்தான் அறிந்தார். ஆஸ்திரிய கணிதவியலாளர் யோகான் ராடோன் 1917இலேயே இந்தக் கணிதச் சிக்கலுக்கு விடை கண்டிருந்தார்.

இனி ராமச்சந்திரனிடம் வருவோம். கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். கோபாலசமுத்திரம் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். அவர் பிறந்தது 1922இல் எர்ணாகுளத்தில். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை சி.வி. ராமன் தன் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பொறியியல் படித்துக்கொண்டு 'இதுதான் என் துறையா' என்று குழம்பிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கவும்.

1947இல் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1949இல் திரும்பினார். 1952இல், முப்பது வயதை ஒட்டி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைவரானார். 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, எங்கள் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று காட்டினார். 1963இல் வெளிவந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றைக்கும் உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. உங்களில் உயிரியல் படிக்கிறவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் காலத்தில் அவர் அமெரிக்காவுக்கும் வருகைப் பேராசிரியராகப் போய்வந்தார். 1970ஐ ஒட்டிச் சென்னையை விட்டார். ஒரு பக்கம் சிக்காகோ பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் பெங்களூரில் புதிதாகத் தொடங்கிய மூலக்கூற்று உயிர்இயற்பியல் பிரிவு. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருந்த காலத்தில்தான், 1971இல், லக்ஷ்மிநாராயணனோடு சேர்ந்து ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நிழல்களிலிருந்து உருவத்தைக் கட்டுவது எப்படி என்பதுதான் விஷயம்.

அவர்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திரும்பப் பூசுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பூச்சுகளும் சந்திக்கும் இடத்தில் பொருள் தெரியும். ஆனால் அதைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒரு மங்கல் நிற்கும். இதைத் தவிர்க்க அதுவரை ஃபூரியர் மாற்றம் என்ற நீண்ட கணக்கைப் போட்டார்கள். அந்தக் காலத்துக் கணினிகளுக்கு அது பெரிய சுமை. ராமச்சந்திரனும் லக்ஷ்மிநாராயணனும் பூசுவதற்கு முன்னமே நிழலைத் திருத்திவிடும் வழியைச் சொன்னார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அயல் புள்ளிகளின் பங்கைக் கொஞ்சம் கழித்துவிட வேண்டும். கழிக்கும் அளவுகளும் எளிமையானவை. நடுவில் கால், இரண்டாவது, நான்காவது அயல் புள்ளிகளுக்குப் பூச்சியம், முதலாவது, மூன்றாவது புள்ளிகளுக்கு மெல்ல மெல்லக் குறைந்துபோகும் கழித்தல். பிறகு பூசினால் மங்கல் போய்விடும். எல்லா நிழலும் வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒன்று வர வர அதைக் கணக்கிடலாம். ரேடியோ வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இலேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது வானத்தை. இவர்கள் அதை எக்ஸ்ரேயின் பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அதே 1971இல், ஒக்டோபர் 1ஆம் திகதி, இலண்டன் விம்பிள்டனில் அற்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.ரி. ஸ்கான் செய்யப்பட்டது. இயந்திரத்தைச் செய்தவர் கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட், ஈ.எம்.ஐ. கம்பனியின் பொறியியலாளர். அவருடைய முதல் இயந்திரம் வேறு வகைக் கணக்கைப் பாவித்தது. ஆனால் சில வருடங்களில், திருத்திப் பூசும் வழியே சி.ரி. இயந்திரங்களின் வழக்கமாகி, பல பத்தாண்டுகள் நிலைத்தது. 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கோர்மக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது. ராமச்சந்திரனுக்கு அந்தப் பரிசு எப்போதும் கிடைக்கவில்லை. 2001இல் சென்னையில் காலமானார்.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அம்மம்மாவின் நினைவு வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா அப்பா இருவரும் வேலையில். அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். மொழிபெயர்ப்பாளரும் நான்தான். உங்களில் எத்தனை பேர் இந்த வேலையைச் செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒரு 'ஷடோ' தெரிகிறது என்றார். எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன்: "நெஞ்சுக்குள்ள ஒரு நிழல் தெரியுதாம்." அம்மம்மா என்னையே பார்த்தார். "ஆற்றை நிழல் பிள்ளை?" என்று கேட்டார்.

பிறகு சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். அந்த நிழல், எப்போதோ ஆறிப்போன ஒரு பழைய நோயின் தழும்பு. பயப்பட ஒன்றுமில்லை. அந்த முடிவு வர மூன்று கிழமை பிடித்தது. அந்த மூன்று கிழமையும் அம்மம்மா இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. அது எதனால் என்று எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. நான் சொன்ன அந்த ஒரு சொல்தான் காரணம்.

அந்தக் காலத்து இயந்திரம் அம்மம்மாவின் படத்தையும் அநேகமாகத் திருத்திப் பூசும் வழியில்தான் கட்டியிருக்கும். நெஞ்சுக்குள் இருந்த தழும்பைக் கணினி சரியாகக் கண்டுபிடித்தது. அதை அவருக்கு விளங்கும்படி சொல்லத்தான் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அறிக்கையை நோயாளிக்கு அவருடைய மொழியில், பிழையில்லாமல், பயமுறுத்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் மருத்துவத் தொழில்நுட்பம்தானே?

கோர்மக் ஹார்வர்ட்டுக்கு வெறுங்கையோடு போகவில்லை. கேப் டவுனின் ஒரு மருத்துவமனை அறையில் பார்த்ததைக் கொண்டுபோனார். ராமச்சந்திரன் பல வருடம் எக்ஸ்ரேயோடு பழகிய கையோடு சிக்காகோவுக்குப் போனார். வெளியூரில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மேசையும், யாரும் தொந்தரவு செய்யாத நேரமும், புதிய மனிதர்களும். கேள்வி ஊரிலிருந்து போனது. ஆகவே, அங்கே போய் என்ன செய்யப் போகிறாய் என்று அப்பா கேட்டது சரியான கேள்விதான். என்னிடம் எதைக் கொண்டுபோகிறாய் என்று அவர் கேட்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் 'நீங்கள் ஆராய விரும்புவது என்ன' என்ற கட்டம் இரண்டு கிழமையாக வெறுமையாகவே கிடந்தது. நேற்று இரவு அதில் அம்மம்மாவின் கேள்வியை எழுதினேன். காலையில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அங்க அறை வாடகை என்ன மாதிரி?" என்று கேட்டார்.

நீங்களும் யாருக்காவது ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்திருந்தால், எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தீர்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். சேர்த்து வைக்கிறேன். கிடைத்தால் கொண்டுபோகிறேன்.