வீரிய ஒட்டு விதையை மறுமுறை விதைத்தால் பயிர் சீராக வளராதது ஏன்? மெண்டல் விதிகள் தரும் விளக்கம்

வீரிய ஒட்டு ரக விதையை வாங்கி நல்ல விளைச்சல் கண்ட விவசாயி, அதே பயிரிலிருந்து விதை எடுத்து அடுத்த பருவத்தில் விதைத்தால், செடிகள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஒரே நேரத்தில் பூப்பதும் இல்லை. விதை நிறுவனங்கள் செய்த ஏதோ சூழ்ச்சியே இதற்குக் காரணம் எனக் கருதுவோர் உண்டு. ஆனால், இதற்கான விளக்கம் 160 ஆண்டுகளுக்கு முன்பே பட்டாணிச் செடிகளில் கண்டறியப்பட்டது.

இன்றைய செக் குடியரசின் பிர்னோ நகர மடாலயத்தில் துறவியாக இருந்த கிரிகோர் மெண்டல், 1856 முதல் 1863 வரை பட்டாணியின் 7 பண்புகளை ஆராய்ந்தார். நெட்டைச் செடியைக் குட்டைச் செடியுடன் அவர் கலப்பு செய்தபோது, முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வளர்ந்தது. அச்செடிகளைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டதில், அடுத்த தலைமுறையின் 1,064 செடிகளில் 787 நெட்டையாகவும் 277 குட்டையாகவும் இருந்தன. ஏறத்தாழ 3:1 என்ற விகிதம் அது.

ஒவ்வொரு பண்புக்கும் செடியில் இரு மரபுக்கூறுகள் உள்ளன. தாய்ச்செடியிலிருந்து ஒன்று, தந்தைச்செடியிலிருந்து மற்றொன்று. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது அவ்விரண்டும் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கூறு மட்டுமே செல்கிறது. நெட்டைக் கூறு ஓங்கு தன்மை உடையது என்பதால், அது ஒன்று இருந்தாலே செடி உயரமாக வளரும். குட்டைக் கூறு அழிவதில்லை. மறைந்திருந்து, இரண்டு ஒன்றுசேரும்போது வெளிப்படுகிறது.

இதை மெண்டல் ஊகத்தோடு விட்டுவிடவில்லை. இரண்டாம் தலைமுறை நெட்டைச் செடிகளில் 100-ஐத் தேர்ந்து மீண்டும் வளர்த்தார். 28 செடிகளின் சந்ததி முழுவதும் நெட்டை. 72 செடிகளின் சந்ததியில் குட்டையும் கலந்திருந்தது. தோற்றத்தில் வேறுபாடே தெரியாத செடிகள், விதையில் மட்டும் வேறுபட்டன. 3:1 என்ற விகிதத்தைவிட விவசாயிக்குப் பயன்படும் கண்டுபிடிப்பு இதுவே எனலாம்.

விதைப் பொட்டலத்தில் காணப்படும் 'எஃப்-1' என்ற குறியீடு, மெண்டலின் அந்த முதல் தலைமுறையையே சுட்டுகிறது. வேறுபட்ட இரு தூய பெற்றோரின் நேரடி வாரிசுகள் என்பதால் அச்செடிகள் அனைத்தும் ஒன்றுபோல் இருக்கும். அவற்றின் விதையை விதைத்தாலோ பண்புகள் பிரியத் தொடங்கும். தனித்தனியே பிரியும் 10 மரபணு இணைகளில் பெற்றோர் வேறுபட்டிருந்தால், பத்திலும் இருவகைக் கூறுகளையும் கொண்ட செடி அடுத்த தலைமுறையில் 1,024-க்கு ஒன்று என்ற அளவிலேயே கிடைக்கும். உண்மையில் பெற்றோர் வேறுபடும் இணைகள் பத்தைவிட மிக அதிகம்.

உலகில் முதன்முதலில் வணிகச் சாகுபடிக்கு வந்த வீரிய ஒட்டுப் பருத்தியான 'எச்-4', 1970-ஆம் ஆண்டு குஜராத்தின் சூரத்தில் சி.டி. படேலால் உருவாக்கப்பட்டது. தாய்ச்செடியின் ஒவ்வொரு மொட்டிலும் மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, மறுநாள் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவியே அதன் விதை பெறப்பட்டது. ஆண்டுதோறும் இப்பணியை மீண்டும் செய்தாக வேண்டும். விதை விலை உயர இதுவும் ஒரு காரணம்.

விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும், 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் விவசாயிகளுக்கு உரிமை அளித்துள்ளது. வீரிய ஒட்டு ரகங்களைப் பொருத்தவரை, அந்த உரிமை இருந்தும் பலன் குறைவு. மரபணு மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி நம் நாட்டில் பெரும்பாலும் வீரிய ஒட்டாகவே விற்கப்படுவதால் இரண்டும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளப்படுகிறது.

பண்புகள் இவ்வாறு பிரிவதையே பயிர் ஆய்வாளர்கள் சாதகமாக்கிக்கொள்வதும் உண்டு. ஒடிசாவின் 'எஃப்ஆர் 13ஏ' நெல் வெள்ளத்தைத் தாங்கும் என்றாலும் விளைச்சல் குறைவு. அதன் 'சப்-1' மரபணுப் பகுதியை ஆந்திரத்தின் 'ஸ்வர்ணா' நெல்லுக்குக் கொண்டுசெல்ல, கலப்பில் கிடைத்த செடிகளைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மீண்டும் மீண்டும் ஸ்வர்ணாவுடனேயே கலந்தனர். ஒவ்வொரு பிற்கலப்பிலும் ஒடிசா நெல்லின் பங்கு சராசரியாகப் பாதியாகக் குறையும். தேவையான மரபணு தங்கிய நாற்றுகள் மட்டும் டி.என்.ஏ. சோதனை மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டன.

இவ்வாறு உருவான 'ஸ்வர்ணா சப்-1' 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. சுமார் இரண்டு வாரம் முழுவதுமாக நீரில் மூழ்கினாலும் மீண்டு வளரக்கூடியது. தூய வரிசை ரகம் என்பதால், பிற நெல் கலக்காமல் பார்த்துக்கொண்டால் விவசாயிகளே இதன் விதையை எடுத்துவைத்து அடுத்த பருவத்தில் விதைக்கலாம்.