முதற்கனியிலிருந்து முதலீட்டுக்கு: போர்தோ ஒயின் முன்விற்பனையின் வரலாறு

பிரெஞ்சு மொழியில் 'பிரிமேர்' என்பது பருவத்தில் முதன்முதலாகச் சந்தைக்கு வரும் காய்கனியைக் குறிக்கும் சொல். 'முதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தது. பறித்தவுடன் விற்று, வாங்கியவுடன் உண்ண வேண்டும் என்னும் விரைவு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. தென்மேற்குப் பிரான்சின் போர்தோ நகர ஒயின் வணிகத்திலோ இச்சொல்லின் இன்றைய பொருள் ஏறத்தாழ நேரெதிரானது. பீப்பாயில் முதிர்ந்துகொண்டிருக்கும், இன்னும் புட்டியில் அடைக்கப்படாத சிவப்பு ஒயினுக்கு முன்கூட்டியே விலை செலுத்திவிட்டுக் காத்திருக்கும் முறையே அங்கு 'ஆன் பிரிமேர்' எனப்படுகிறது. ஒயின் கைக்கு வர ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆகும். சிறந்த ஒயினாயின் பருகும் பக்குவத்தை எட்டப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகலாம். முதலில் உண்பது எவ்வாறு முதலில் பணம் கட்டுவதாக மாறியது? இவ்வினாவைப் பின்தொடர்ந்தால், காத்திருப்பின் சுமை கைமாறிய வரலாறு புலப்படுகிறது.

இடைக்காலத்தில் இக்காத்திருப்புக்கே இடமில்லை. 1152இல் அக்கித்தேன் நாட்டின் எலினோர், ஹென்றி பிளாண்டஜெனட்டை மணந்தார். ஹென்றி 1154இல் இங்கிலாந்தின் அரசரானதும் போர்தோ ஒயினுக்கு ஆங்கிலச் சந்தை திறந்தது. 1308–09ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 'தொன்னோ' அளவு ஒயின் அத்துறையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. ஒரு தொன்னோ என்பது ஏறக்குறைய 900 லிட்டர் கொண்ட பெரும்பீப்பாய். கப்பலின் கொள்ளளவை இன்றும் 'டன்' கணக்கில் கூறும் வழக்கு, ஒரு கப்பல் எத்தனை பீப்பாய்களைச் சுமக்கும் என்னும் இக்கணக்கிலிருந்து பிறந்ததே. அன்றைய ஒயின் ஓராண்டைக் கடப்பது அரிது. பீப்பாய்க்குள் காற்றுப் புகுந்து புளித்துவிடும். இலையுதிர்காலக் கப்பல்கள் புது ஒயினோடு இலண்டனை அடைந்ததும் பழைய ஒயினின் விலை சரிந்துவிடும். புதியதே உயர்ந்தது என்பதே அன்றைய நியதி.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலைகளில் உருவான உறுதியான கண்ணாடிப் புட்டியும் தக்கை மூடியும் இந்நியதியைத் தலைகீழாக்கின. காற்றுப் புகாது காக்கப்பட்ட ஒயின் ஆண்டுகள் செல்லச் செல்ல மேம்படும் என்பது தெரியவந்தது. பழமைக்கு விலை ஏறியபோது, அப்பழமை கூடும்வரை யார் காத்திருப்பது என்னும் சிக்கலும் உடன் எழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் அதற்கு விடையாக இருந்தவர்கள் கரோன் ஆற்றங்கரையின் ஷார்த்ரோன் பகுதி வணிகர்கள். டச்சு, அயர்லாந்து, ஜெர்மானியக் குடும்பங்கள் பல அங்கு நிலைகொண்டிருந்தன. அறுவடை முடிந்த சில மாதங்களில் இளம் ஒயினைப் பீப்பாயோடு வாங்கித் தம் கிடங்குகளில் முதிரவைத்து விற்பது அவர்கள் வழக்கம். சில ஆண்டுகளில் கொடியில் குலை தொங்கும்போதே விலை பேசி முடித்ததும் உண்டு. பண்ணையாளர் பணம் பெற்று விலகிக்கொள்ள, முதலும் இடரும் வணிகரைச் சார்ந்தன. அதற்கேற்ப அதிகாரமும் அவரிடமே இருந்தது. ஆங்கிலேயர் சுவைக்கேற்ப வலிமையான பிற பகுதி ஒயினைக் கலப்பதும் அவர் கையில்தான் இருந்தது. மெதோக் பண்ணைகளை ஐந்து நிலைகளாகப் பகுத்த புகழ்பெற்ற 1855ஆம் ஆண்டுத் தரவரிசை, தரகர்கள் நெடுங்காலம் பதிந்துவைத்த விலைகளை அடிப்படையாகக் கொண்டது.

1924இல் மூட்டோன் பண்ணையின் இளம் நிர்வாகி பிலிப் தெ ரோத்ஷில்ட், தம் ஒயின் முழுவதும் பண்ணையிலேயே புட்டியில் அடைக்கப்படும் என முடிவெடுத்தார். கலப்படத்துக்கு எதிரான உத்தரவாதமாக அமைந்த இம்முடிவைப் பிற பண்ணைகளும் காலப்போக்கில் பின்பற்றின. ஆனால், ஒயின் பண்ணையிலேயே தங்கினால் அதில் முடங்கும் பணமும் அங்கேயே தங்கும். இதற்குக் கண்ட தீர்வே இன்றைய முன்விற்பனை: உரிமை வசந்தகாலத்திலேயே கைமாறும், பீப்பாய் மட்டும் பண்ணையின் நிலவறையில் இருக்கும். 1973–74ஆம் ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடியையொட்டி ஒயின் விலைகள் சரிந்தபோது, உயர்ந்த விலைக்கு வாங்கிக் குவித்திருந்த வணிகர்கள் நிலைகுலைந்தனர். சரக்கை ஆண்டுக்கணக்கில் தாங்கும் வலு அவர்களிடம் குன்றியது. சுமை அடுத்த படிக்கு, அதாவது நுகர்வோரை நோக்கி, இறங்கத் தொடங்கியது.

நுகர்வோர் அதனை விரும்பி ஏற்கச் செய்தது 1982ஆம் ஆண்டு அறுவடை. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அவ்வொயினைப் பீப்பாய் நிலையிலேயே சுவைத்து வெகுவாகப் போற்றினார். அதனை நம்பி முன்பணம் கட்டியோர் பின்னர் பெரும் ஆதாயம் கண்டனர். அதன்பின் ஆண்டுதோறும் வசந்தத்தில், ஆறுமாதமே ஆன ஒயினைச் சுவைத்து மதிப்பெண் இடுவோர் போர்தோவில் திரள்வது வழக்கமாயிற்று. தொடர்ந்து பண்ணை விலையை அறிவிக்கும். தரகர் தமக்குரிய 2 விழுக்காட்டுக் கழிவுடன் வணிகரிடம் சேர்ப்பார். அங்கிருந்து அயல்நாட்டு இறக்குமதியாளர் வழியாகச் சரக்கு நுகர்வோர் கணக்குக்குச் செல்லும்.

ஆங்கிலத்தில் இதனை 'ஒயின் பியூச்சர்ஸ்' என வழங்குவது பொருத்தமான பெயர் எனக் கூற இயலாது. தானியம், உலோகம் போன்றவற்றின் முன்பேரச் சந்தையில் ஒரு சிறுபகுதியை மட்டும் பிணையாக வைத்தால் போதும். இழப்பைத் தாங்கத் தீர்வகம் உண்டு. இங்கோ ஒயினின் விலை முழுவதும் முன்னரே செலுத்தப்படுகிறது. இடையிலுள்ள விற்பனையாளர் நொடித்துப்போனால், வாங்கியவர் கையில் ஒரு ரசீது மட்டுமே எஞ்சும் நிலையும் நேரலாம்.

இவ்விடரை ஏற்பதற்கு ஈடாக நுகர்வோருக்குக் கிடைத்தது விலைச்சலுகை. அச்சலுகை மறைந்தால் இம்முறைக்கே அடிப்படை இராது. 2008இல் ஹாங்காங் ஒயின் மீதான வரியை நீக்கியபின் சீனத் தேவை பெருகியது. 2009, 2010 அறுவடைகள் முன்னெப்போதும் இல்லாத விலைக்கு வெளியாயின. அடுத்த சில ஆண்டுகளில் அவற்றுள் பல, வெளியீட்டு விலைக்கும் கீழே இறங்கின. காத்திருந்தவர் இழந்தார், காத்திராமல் பின்னர் வாங்கியவர் அதே ஒயினை மலிவாகப் பெற்றார். 2012இல் ஷாத்தோ லத்தூர், 2011ஆம் ஆண்டு அறுவடைக்குப் பின் முன்விற்பனையில் பங்கேற்பதில்லை எனவும், பருகும் பக்குவம் வந்த பிறகே ஒயினை வெளியிடும் எனவும் அறிவித்தது. காத்திருப்பின் சுமையைப் பண்ணையே ஏற்றுக்கொண்ட முடிவு அது. விலை ஏறினால் அவ்வேற்றமும் பண்ணைக்கே உரியதாகும்.

தமிழில் 'முதல்' என்னும் சொல் தொடக்கத்தையும் மூலதனத்தையும் ஒருங்கே சுட்டும். பிரெஞ்சுச் சொல்லோ முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளை எட்ட எண்ணூறு ஆண்டுக்கால வணிகத்தைக் கடக்க வேண்டியிருந்தது. போர்தோவில் ஒவ்வொரு வசந்தத்திலும் அறிவிக்கப்படும் விலை, ஒயினின் தரத்தோடு வேறொன்றையும் அளக்கிறது: அடுத்த பல ஆண்டுகளின் இடரை ஏற்க முன்வருபவருக்கு எவ்வளவு ஈடு தரப்படுகிறது என்பதே அது. அண்மை ஆண்டுகளில் பல அறுவடைகள் எதிர்பார்த்தபடி விலைபோகாமைக்கான காரணத்தை அக்கணக்கில் தேடுவதே முறை.