காசுக்குக் கருத்து: ஒரு பேச்சு வானொலியின் கதை

நம் ஊரில் எஃப்.எம். என்றாலே பாட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பேச்சை மட்டுமே நம்பிப் பிழைத்த தனியார் வானொலிகளும் உலகில் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து 2யூஇ அவற்றில் ஒன்று. வானொலியில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று ஒரு நாட்டையே யோசிக்க வைத்த நிலையம் அது.

2யூஇ தொடங்கிய ஆண்டு 1925. 1956ல் ஆஸ்திரேலியாவுக்குத் தொலைக்காட்சி வந்ததும் வானொலி நாடகங்களுக்கு மவுசு குறைந்தது. வேறு வழி தேட வேண்டிய நிலை. 1967ல், நேயர்களின் தொலைபேசிப் பேச்சை ஒலிபரப்ப அரசு அனுமதி கொடுத்தது. 'டாக்பேக்' என்று அதற்குப் பெயர். நாடகம் போடுவதைவிட இதற்குச் செலவு மிகவும் குறைவு. வாய்ச்சாலகமான ஓர் அறிவிப்பாளரும் சில தொலைபேசி இணைப்புகளும் போதும்! யாராவது தகாத வார்த்தை பேசிவிட்டால்? அதற்காகவே ஒலிபரப்பைச் சில நொடிகள் தாமதப்படுத்தினார்கள். பொத்தானை அழுத்தினால் அந்த வார்த்தை வெளியே போகாது.

1990களில் 2யூஇ-யின் காலை நேரத்தை ஆலன் ஜோன்ஸ், ஜான் லாஸ் என்ற இருவர் ஆண்டார்கள். வீட்டிலும் காரிலும் லாரியிலும் அவர்கள் குரல்தான். அரசியல்வாதிகளே அவர்களைத் தேடி வந்தார்கள்.

1999 ஜூலையில் குட்டு உடைந்தது. வங்கிகளைக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்த லாஸ் திடீரென்று சுருதியை மாற்றியிருந்தார். காரணம், வங்கிகளின் சங்கத்தோடு அவர் செய்துகொண்ட பண ஒப்பந்தம்! ஏபிசி தொலைக்காட்சியின் 'மீடியா வாட்ச்' நிகழ்ச்சி இதை அம்பலப்படுத்தியது. பிறகு நடந்த விசாரணையில் ஜோன்ஸின் ஒப்பந்தங்களும் வெளியே வந்தன. தான் பத்திரிகையாளர் அல்ல, பொழுதுபோக்காளர்தான் என்பது லாஸின் வாதம்.

விளம்பரம் என்று தெரிந்தால் நாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவோம். கருத்து என்று நினைத்தால் நம்பிவிடுவோம். அந்த நம்பிக்கையைத்தான் நேயருக்குத் தெரியாமல் விற்றிருந்தார்கள்.

2000 பிப்ரவரியில் ஒலிபரப்பு ஆணையத்தின் அறிக்கை வந்தது. 2யூஇ விதிகளை மீறியது உறுதியானது. யாரும் வாய்திறக்கக் கூடாது என்று ஆணையம் சொல்லவில்லை. காசு வாங்கியவர்களைப் பற்றிப் பேசும்போது அதை ஒலிபரப்பிலேயே சொல்ல வேண்டும், ஒப்பந்தங்களைப் பதிவேட்டில் வைக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

நட்சத்திரங்கள் விழுந்தார்களா? இல்லை. ஜோன்ஸ் 2002ல் போட்டி நிலையமான 2ஜிபிக்குப் போனார், அங்கேயும் கொடிகட்டிப் பறந்தார். லாஸ் 2007 வரை 2யூஇ-யிலேயே பேசினார். 2யூஇ-தான் மெல்லத் தேய்ந்து, 2020ல் பழைய பாடல்கள் ஒலிக்கும் நிலையமாகிவிட்டது.

காசு வாங்கியதைச் சொல்ல வைக்கச் சட்டத்தால் முடியும். அதைக் கேட்ட பிறகும் நம்புவதா வேண்டாமா என்பது நம் கையில்தான் இருக்கிறது.