சதுர ஓட்டைக்கு ஒரு பதில்



போன மாதம் மகனோடும் மருமகளோடும் சீனா போய்வந்தேன். பெய்ஜிங், சியான், ஷாங்காய் என்று பத்து நாள். "டீச்சர், எங்களுக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். கூடவே ஒரு பழைய கடனையும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பெய்ஜிங்கில் பான்ஜியாயுவான் என்று ஒரு சந்தை. சனி, ஞாயிறில் கூட்டம் நெரியும். பழைய புத்தகம், பச்சைக்கல் வளையல், பீங்கான் கிண்ணம், மாவோ படம் எல்லாம் துணி விரித்துப் பரப்பியிருந்தார்கள். சிவப்புக் கயிற்றில் கோத்த செப்புக்காசுச் சரம் ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வட்டக் காசு, நடுவில் சதுர ஓட்டை. முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டிய காசு. கையால் தொட்டது அன்றுதான்.

விற்ற அம்மாவுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. கால்குலேட்டர்தான் பேசியது. அவர் 200 என்று தட்டினார். நான் 30 என்று தட்டினேன். நெஞ்சில் கைவைத்து மயக்கம் வருவதுபோல் நடித்தார். நாலு அடி நடந்தேன், கூப்பிட்டுவிட்டார். 50 யுவானுக்கு முடிந்தது. கீரைக்கார அம்மாவிடம் பேரம் பேசிய பழக்கம் வீண்போகவில்லை என்று எனக்குப் பெருமை. மகன் போனை நீட்டி க்யூஆர் கோடில் பணம் கட்டினான். காசு வாங்கக் காசே தேவைப்படவில்லை!

கடைசியில் ஷாங்காய் போனால், யூயுவான் தோட்டத்தை ஒட்டிய கடைவீதியில் அதே சரம் 15 யுவான். போச்சு பெருமை. எல்லாமே புதிதாக வார்த்த நகல்கள்.

நகலானால் என்ன, அசலுக்குக் கதை இருக்கிறது. இந்த வடிவத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியவர் சின் ஷி ஹுவாங், கி.மு. 221-ல் சீனாவை ஒன்றாக்கிய பேரரசர். 1974-ல் கிணறு தோண்டிய விவசாயிகள் சியான் அருகே கண்டெடுத்த சுடுமண் வீரர்கள் அவருடைய கல்லறைக்குக் காவல் நின்றவர்கள்தான். அந்த வட்டமும் சதுரமும் 2,000 வருடத்துக்கு மேல் நீடித்தன.

நமக்கும் இந்தக் காசுக்கும் உறவு உண்டு. 1077-ல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சோங் அரசவைக்குப் போனது. கண்ணாடிப் பொருள், கற்பூரம், யானைத் தந்தம், கிராம்பு எல்லாம் கொண்டுபோனார்கள். பதிலுக்குக் கிடைத்தது 81,800 சரம் செப்புக்காசு என்கின்றன சீனக் குறிப்புகள். ஒரு சரம் என்றால் கணக்குக்கு 1,000 காசு. பெயர் காணிக்கை, பரிசு. நடந்தது வியாபாரம். தஞ்சை வட்டாரத்து மண்ணுக்குள்ளிருந்தும் சீனக் காசுகள் கிடைத்திருக்கின்றன.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோதுதான் ஒரு பையன் எழுந்தான். "கயித்துல கோக்கத்தான் ஓட்டைன்னா வட்டமாவே போடலாமே டீச்சர், ஏன் சதுரம்?" எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "பாடத்துல இல்லாததைக் கேக்காதே, உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க அவன் மறுபடி கையைத் தூக்கவில்லை.

சியானில் சாப்பிடும்போது அதே கேள்வியை வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் சரத்திலிருந்து நாலு காசைக் கழற்றி, சாப்பிடும் குச்சியில் கோத்தாள். அந்தக் குச்சியின் மேல்பகுதி சதுரம். "சுற்றிப் பாருங்கள்" என்றாள். காசு சுற்றவில்லை. அதுதான் பதில். அச்சில் வார்த்த காசின் விளிம்பில் பிசிறு இருக்கும். மொத்தமாகச் சதுரக் கம்பியில் கோத்து அரத்தால் ராவுவார்கள். வட்ட ஓட்டை என்றால் காசு சுழன்றுகொண்டே இருக்கும். சதுரம் பிடித்து நிறுத்தும். வானம் வட்டம், பூமி சதுரம் என்று தத்துவமும் சொல்வார்களாம். எனக்கு அரம்தான் பிடித்தது.

தம்பி, இதை நீ படிக்கிறாயா தெரியவில்லை. உன் கேள்வி சரி. உட்காரச் சொன்ன நான்தான் தப்பு. சரத்தின் முதல் காசு உனக்காக எடுத்துவைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள். மற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று உண்டு, ஆனால் ஒரு கேள்வியோடு வரவேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்