கத்திக்கு ஒரு கயிறு

போன மாசம் மொட்டை மாடியில ஒரு சம்பவம். தண்ணி டேங்க் மேல ஏறி, வெயில்ல இத்துப்போன நைலான் கயிற்றை அறுத்துட்டு இருந்தேன். ஒரு கையால டேங்க்கைப் பிடிச்சிருக்கேன், இன்னொரு கையில கத்தி. வேர்வையில வழுக்கிடுச்சு. கைப்பிடிச் சுவர்ல பட்டுத் தெறிச்சு, மூணு மாடி கீழ போய் விழுந்தது. எட்டிப் பார்த்தா பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளோட நிக்கிறான். கத்தி அவனுக்கு ரெண்டடி தள்ளிக் கிடக்கு. "அங்கிள், உங்க கத்தி!"ன்னு சிரிச்சுட்டே எடுத்துக் காட்டறான். எனக்குக் காலெல்லாம் நடுங்கிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. உயரத்துல நின்னுக்கிட்டு கத்தி பிடிச்சு வேலை பார்த்தவங்க எல்லாம் என்னதான் பண்ணினாங்கன்னு யோசனை. முதல்ல ஞாபகத்துக்கு வந்தது பாய்மரக் கப்பல் மாலுமிகள்தான்.

1869-ல் கடலில் இறங்கிய 'கட்டி சார்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலை எடுத்துக்குங்க (இன்னிக்கும் லண்டன் கிரீனிச்சில் போய்ப் பார்க்கலாம்). அதோட பெரிய பாய்மரம் 46 மீட்டர் உயரம். கப்பலில் இருந்த கயிறுகளை எல்லாம் நீட்டிப் போட்டா 17 கிலோமீட்டருக்கு மேல வரும். அத்தனை கயிறு இருக்கற இடத்துல கத்தி இல்லாம ஒரு வேலையும் நடக்காது. ஆனா மேல ஏறினா "ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு" என்பது மாலுமிகளோட சட்டம். அதாவது ஒரு கை எப்பவும் பிடிமானத்துல இருக்கணும். வேலைக்கு மிச்சம் ஒத்தைக் கைதான். அதுல கத்தி நழுவினா? 46 மீட்டர் உயரத்துலேருந்து விழற பொருள் மூணே விநாடியில தளத்துக்கு வந்துடும், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல வேகம். கீழ ஒருத்தன் தரையைத் தேய்ச்சுட்டு இருப்பான்.

அதுக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம்தான் லேன்யார்ட். 'லனியேர்'னு பழைய பிரெஞ்சுச் சொல், வார் என்று அர்த்தம். அதுலேருந்து வந்த பேர். கப்பல்ல சின்னக் கயிறு பலதுக்கும் இதே பேர்தான். பீரங்கியை எட்டி நின்னு வெடிக்க வைக்க இழுக்கற கயிறும் லேன்யார்ட்தான்.

1545-ல் மூழ்கி 1982-ல் வெளியே எடுத்த 'மேரி ரோஸ்' போர்க்கப்பலில் சாதாரண மாலுமிகளோட கத்தி உறைகளும் மரக் கைப்பிடிகளும் கிடைச்சிருக்கு. இரும்பு அலகெல்லாம் பெரும்பாலும் துருவாப் போயிடுச்சு. ராஜாக்கள் வாளுக்குத்தான் நாம வரலாறு எழுதறோம், வேலைக்காரன் கத்தி இப்படித்தான் கரைஞ்சு போகுது.

கத்தின்னா இன்னொரு பயமும் இருந்தது: சண்டை. மாசக்கணக்குல கடல்ல அடைஞ்சு கிடக்கற ஆளுங்க. அதனால கத்தியோட கூர்முனையை உடைச்சு மொட்டையாக்குறது பல கப்பல்களில் வழக்கம். அமெரிக்கா 1866-ல் சட்டமே போட்டது. வணிகக் கப்பல்ல மாலுமிகள் யாரும் உறைக்கத்தி கட்டக் கூடாது. ஆளை வேலைக்கு எடுக்கும்போதே கேப்டன் இதைச் சொல்லியாகணும், சொல்லலைன்னா 50 டாலர் அபராதம்!

பிரிட்டிஷ் கடற்படையில 1857-ல்தான் சாதாரண மாலுமிகளுக்குச் சீருடை வந்தது. அந்தச் சீருடையில கழுத்தைச் சுத்தி ஒரு வெள்ளைக் கயிறு, அதன் நுனியில மடக்குக் கத்தி. காலம் போகப் போகக் கத்தி காணாமப் போச்சு, கயிறு மட்டும் அலங்காரமா நின்னுடுச்சு.

இந்த முடிச்சுகளும் காணாமப் போயிருக்கும், ஒரு மனுஷன் இல்லைன்னா. கிளிஃபர்ட் ஆஷ்லி, அமெரிக்க ஓவியர். நியூ பெட்ஃபோர்ட் என்ற திமிங்கல வேட்டை ஊரில் 1881-ல் பிறந்தவர். 1904-ல் 'சன்பீம்' என்ற திமிங்கலக் கப்பலில் போய் மாலுமிகளோட வாழ்க்கையை நேரில் பார்த்தார். அப்புறம் நீராவிக் கப்பல்கள் வந்து பாய்மரத் தொழிலே படுத்துடுச்சு. ஆஷ்லி 11 வருஷம் உழைச்சு 3,800-க்கும் மேற்பட்ட முடிச்சுகளை, சுமார் 7,000 படங்களோட, 1944-ல் புத்தகமாக்கினார். அதில் 787-வது முடிச்சுதான் கத்தி லேன்யார்ட் முடிச்சு. புத்தகம் வந்த மூணாவது வருஷம் ஆளே போயிட்டார். பார்க்காமப் போயிருந்தார்னா? நினைச்சாலே பக்குனு இருக்கு.

அந்த 787 பின்னல் மாதிரி அழகா இருக்கும், ஆனா முதல் தடவை விரலெல்லாம் சிக்கிக்கும் (எனக்கு நாலு நாள் ஆச்சு!). அவசரத்துக்கு எளிமையா இப்படிச் செய்யலாம். சுமார் ஒரு மீட்டர் மெல்லிய பின்னல் கயிறு எடுங்க. ரெண்டா மடிங்க. மடிப்பு நுனியைக் கத்திக் கைப்பிடி ஓட்டையில நுழைங்க. அந்த வளையத்துக்குள்ள ரெண்டு முனையையும் விட்டு இறுக்குங்க. கடைசியில ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு சாதா முடிச்சு. கை நுழையற வளையம் ரெடி. நைலான்னா முனையை லேசாத் தீயில காட்டிடுங்க, பிரியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சுத்தற மெஷின் பக்கத்துல இதை மாட்டிக்காதீங்க. கயிறு சிக்கினா கையையும் சேர்த்து இழுத்துடும். ஆபீஸ் போறவங்க கழுத்துல அடையாள அட்டை தொங்குதே, அதுவும் லேன்யார்ட்தான். நிறையக் கயிறுகள்ல பின்னாடி ஒரு க்ளிப் இருக்கும், இழுத்தா விட்டுக்கும். அது இருக்கறது சும்மா இல்லை, கழுத்து இறுகாம இருக்கத்தான்.

என் கத்திக்கு இப்போ ஒரு வெள்ளைக் கயிறு கட்டியாச்சு. அந்தப் பையன் பார்த்துட்டு, "எதுக்கு அங்கிள் இது?"ன்னு கேட்டான். கப்பல் கதையைச் சொன்னேன். யாருக்காகக் கட்டினேன்னு மட்டும் சொல்லலை.