மலைநாட்டில் ஒரு தோணி விசாரம்

அக்குறணையிலிருந்துகொண்டு தோணியைப் பற்றி எழுதப் புகுகிறவனைப் பார்த்து ஊரார் சிரிப்பது இயல்பே. கடலைக் காண வேண்டுமானால் கொழும்புக்கோ திருகோணமலைக்கோ பயணப்பட வேண்டும். ஊரின் ஊடே ஓடிக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலியோடு சேரும் பிங்கா ஓயாவோ, வெயிற்காலத்தில் வேட்டியைச் சற்றே தூக்கிக்கொண்டு கடக்கத்தக்க சிற்றாறு. அது மழைக்காலத்தில் பெருகிக் கடைத்தெருவுக்குள் புகும் நாட்களில் மாத்திரம், துணிக்கட்டுகளை மேல்தட்டுக்கு ஏற்றியபடியே, "ஒரு தோணியாவது வாங்கி வைத்திருக்கலாம்" என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஆயினும், முஸ்லிம்களுக்குச் சிங்களத்தில் வழங்கிவந்த 'ஹம்பங்காரயா' என்ற பழம்பெயர் 'சம்பான்' என்னும் படகின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். அது மெய்யானால், தவளமாட்டின் முதுகிலே உப்பை ஏற்றி மலையேறியவர்களின் சந்ததியார், பெயரளவிலாவது, இன்னும் படகுக்காரரே.

மலையரசின் அந்தரங்க வாழ்க்கையை உலகுக்கு முதன்முதலில் விரித்துரைத்த ஆங்கில நூலும் ஒரு மரத்தின் காரணமாகவே எழுந்தது. 1659ஆம் ஆண்டு நவம்பரில், மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலில் பாய்மரத்தைப் பறிகொடுத்த 'ஆன்' என்னும் கப்பல், புதுமரம் தேடிக் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. மரம் தேடி வந்தவர்களை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தார்கள். கப்பல் தலைவரின் மகனான ராபர்ட் நொக்ஸ் ஏறத்தாழ இருபதாண்டுகள் மலைநாட்டிலே சிறைவாசம் செய்து, 1679இல் தப்பி, 1681இல் தம் நூலை வெளியிட்டார். மகாவலி பெரிய நதியேயாயினும் பாறைகளின் மிகுதியால் கலஞ்செல்லத் தகாதென்றும், வெள்ளத்தின் வேகத்தாலும், நாட்டில் வழிகள் எளிதாவதை அரசன் விரும்பாமையாலும் அதன்மேல் பாலங்கள் இல்லையென்றும், மக்கள் சிறு தோணிகளிலேயே ஆற்றைக் கடந்தனர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். கண்டி நகரை மூன்று புறமும் வளைந்தோடும் ஆறு அரசனுக்கு ஓர் அகழியாகவே இருந்தது. அகழியின்மேல் எவனாவது பாலங்கட்டுவானா? கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரின் ஈற்றிலுள்ள 'தோட்டை' துறையையே குறிக்கும் சிங்களச் சொல். நமது அம்பாந்தோட்டையிலும் அதுவே இருக்கிறது.

அந்த அகழியின் வல்லமை 1803ஆம் ஆண்டு ஜூனில் வெளிப்பட்டது. கண்டியில் சரணடைந்து, திருகோணமலைக்குப் போக அநுமதி பெற்றுப் புறப்பட்ட மேஜர் டேவியின் ஆங்கிலப் படை, கட்டுகஸ்தோட்டைக்கு அதிக தூரமில்லாத வட்டப்புலுவையில் மகாவலி கரைபுரண்டோடக் கண்டு திகைத்து நின்றது. தெப்பம் கட்டினார்கள்; வெள்ளத்தின் ஊடே அக்கரைக்கு வடம் இழுத்துக் கட்டுவதே அரும்பாடாயிற்று. அவர்கள் ஆற்றங்கரையில் காத்திருந்த வேளையில், ஆங்கிலேயர் தாமே கண்டியில் முடிசூட்டிய முத்துசாமியை ஒப்படைக்கும்படி அரசனிடமிருந்து ஆள் வந்தது. முதலில் மறுத்த டேவி பின்னர் இணங்கினார், முத்துசாமி கொல்லப்பட்டார், அடுத்துப் படையினரும் கொல்லப்பட்டனர், டேவி சிறையிலேயே இறந்தார். பழி முழுவதையும் டேவியின் கோழைமைமீது சுமத்துவோர் உண்டு. பீரங்கி முதலான சகல சாதனங்களோடும் வந்த சேனையில் பெருக்காற்றின் குணமறிந்த ஓடக்காரர் இல்லாதது என்ன ராஜதந்திரமோ, எனக்கு விளங்கவில்லை.

மலையில் தெப்பமும் சிறுதோணியுமாகக் குறுகிய இந்தக் கலை தன் பூரண வடிவத்தைப் பெற்றது தெற்கு, மேற்குக் கடற்கரைகளிலேதான். சிங்களத்தில் 'ஒருவ' எனப்படும் பாய்த்தோணியைக் கட்டுகிறவனுக்குக் காகிதத்தில் வரைபடம் கிடையாது, மரமே வரைபடம். சிங்களவர் 'தெல்' என்னும் காட்டு ஈரப்பலாவிலோ மாமரத்திலோ, கோணலற்ற நெடிய அடிமரமொன்றைத் தேர்ந்து, வாய்ச்சியால் உள்ளே குடைவான். குடைவு எவ்வளவு இடுக்கானதென்றால், உள்ளே உட்காருபவனின் இரண்டு கால்களும் ஒருங்கே அடங்குவது அரிது. அதன் விளிம்புகளில் பலகைகளை நிறுத்தி, துளையிட்டு, தும்புக் கயிற்றால் தைப்பான். ஆணி ஒன்றுகூட இல்லை. இத்தனை ஒடுங்கிய கலம் தனித்து நின்றால் கவிழ்ந்துவிடுமாதலின், வளைந்த இரண்டு கழிகளை ஒரு புறமாக நீட்டி, அவற்றின் நுனியில் மலைவேம்பு போன்ற இலேசான மரத்தாலான மிதவையொன்றைப் பிணைப்பான். பாய்க்கும் கயிற்றுக்கும் பனிச்சங்காய்ச் சாற்றுத் துவர் ஏற்றுவதுண்டு.

மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருத்தல் வேண்டுமென்பது இக்கலத்தின் மாறாத விதி. ஆகவே திசை மாறும்போது தோணியைத் திருப்புவதில்லை. பாயை மறுமுனைக்கு மாற்ற, அதுவரை பின்னணியமாயிருந்தது முன்னணியமாகிவிடும். காற்று மிகுந்து மிதவை மேலெழும்பினால் ஓர் ஆள் கழிமீது ஏறிப் போய் அமர்வான். இன்னும் மிகுந்தால் இரண்டாமவனும் போவான். காற்றின் பலத்தையே 'ஓராள் காற்று', 'ஈராள் காற்று' என்று அளந்தார்கள். வானிலை நிலையத்தார் தரும் எண்களைவிட இந்த அளவை எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆணியை விலக்கிக் கயிற்றை நம்பிய இவ்வழக்கம் ஒரு தேசத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஓமான் நாட்டார் தச்சுக் கருவிகளோடு தென்னை விளையும் தீவுகளுக்குப் போய், தென்னையை அறுத்துப் பலகையாக்கி, அதன் தும்பைத் திரித்துத் தைத்து, பாய்மரமும் பாயும் அதிலேயே ஆக்கி, தேங்காயையே ஏற்றிக்கொண்டு திரும்புவர் என்று பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸீராஃப் துறைமுகத்து அபூ ஸைத் எழுதிவைத்தார். ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் உடையும், தைத்த கலம் நெகிழ்ந்து கொடுக்கும் என்று காரணமும் சொன்னவர், 1344இல் இலங்கைக்கு வந்து பாவாதமலை ஏறிய இப்னு பதூதா.

ஆணியில்லாமல் மரத்தைப் பூட்டும் சாமர்த்தியத்தை மலைநாட்டில் காட்டியவர்களோ ஆங்கிலேயப் பொறியியலாளர். காட்டியதும் தோணியில் அன்று, பாலத்தில். 1833 அளவில் பேராதனையில் அவர்கள் 205 அடி நீளமுள்ள ஒரே வளைவாக, முழுதும் முதிரை மரத்தாலே மகாவலிமேல் பாலமமைத்தார்கள். அது 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடம் விட்டது. கட்டுகஸ்தோட்டைக்கும் பாலம் வந்தது; துறை பெயரளவில் நின்றது. இன்று கண்டியில் ஓடத்துக்கென்று நிச்சயிக்கப்பட்ட வேலை ஆண்டுக்கொரு நாள்தான் உண்டு: எசல பெரஹரா முடிந்தபின் நான்கு தேவாலயங்களின் கப்புறாளைமார் கெட்டம்பையில் படகேறி நடு ஆற்றுக்குச் சென்று, வாளால் நீரை வெட்டி, சென்ற வருஷத்து நீரைக் கொட்டிவிட்டுக் குடங்களில் புது நீர் மொண்டு திரும்புகிறார்கள்.